கிரைண்டரை எடுத்துட்டு வரலாமா? (மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூர், ஆறு வாரம் இருக்கு)

மன்னைக்காரி
22 நவம்பர் 2025, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா வந்து படிச்சுட்டு சத்தம் காட்டாம போயிட்டிருந்தவ நான். இன்னைக்குத்தான் வாயைத் திறக்குறேன்.

ஊர் மன்னார்குடி. வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், ஆறு வருஷமா வீட்டுல இருந்தே. இப்ப சிங்கப்பூர்ல ஒரு இடம் கிடைச்சிருக்கு. மாசம் 6,400 டாலர், எம்ப்ளாய்மென்ட் பாஸ் (ஈபி). ஐபிஏ லெட்டர் (பாஸுக்கான முன் ஒப்புதல்) போன வாரம் வந்துடுச்சு. ஜனவரி 5 திங்கட்கிழமை சேரணும். முதல் ரெண்டு வாரம் கம்பெனியே ஹோட்டல் போடுறாங்க, அதுக்குள்ள நானே இடம் பார்த்துக்கணும்.

வீட்டுல அவர், நாலு வயசுப் பொண்ணு, எங்கம்மா. அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. அம்மாவைக் கூட்டிட்டு வர வழியிருக்கான்னு பார்த்தேன். பெத்தவங்களுக்கு நீண்டகாலப் பாஸ் எடுக்கணும்னா சம்பளம் 12,000 இருக்கணுமாம். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

கேள்வி எல்லாம் கலந்து கட்டி வருது, மன்னிச்சுக்கங்க. மூணு பேரும் ஒண்ணாவே கிளம்பலாமா, நான் மட்டும் முன்னாடி வரணுமா? அவர் வேலையை எப்ப விடறது? பொண்ணுக்குப் பள்ளிக்கூடம்? ரூம் வாடகை எவ்வளவு? கசகசா, கருவாடு, மாத்திரையெல்லாம் பெட்டியில வைக்கலாமா? அப்புறம் சிரிக்காதீங்க, டேபிள்டாப் கிரைண்டர் ஒண்ணு இருக்கு, 11 கிலோ. எடுத்துட்டு வரலாமா?

---

சாங்கி_நைட்ஷிப்ட்
22 நவம்பர், இரவு 11:02

கிரைண்டர் வேணாம். இங்க முஸ்தபா கடையில இருக்கு. அடுத்த கேள்வி.

---

பொங்கோல்_அம்மா
23 நவம்பர், காலை 7:15

வாங்க மன்னை! நான் கும்பகோணம், வந்து ஒன்பது வருஷம்.

கிரைண்டரை விடுங்க, முதல்ல பொண்ணோட தடுப்பூசி அட்டையை எடுத்து வைங்க. வெளிநாட்டுல பொறந்த 12 வயசுக்குட்பட்ட பிள்ளைங்களுக்கு டிபி (பாஸ்காரங்க குடும்பத்துக்கான பாஸ்) போடறதுக்கு முன்னாடி தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்ட ஆதாரத்தை இங்க சுகாதாரத் துறையில காட்டிச் சரிபார்த்து வாங்கணும். 2019-லேர்ந்து இந்த விதி. நம்ம ஊர் அட்டையில நர்ஸம்மா தேதியைக் கிறுக்கி வச்சிருப்பாங்க, பாதி அழிஞ்சிருக்கும். என் பொண்ணு அட்டையில மருந்துப் பேருக்கு நேரா வெறும் டிக் மட்டும்தான் இருந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூணு நடை நடந்து ஆங்கிலத்துல, சீல் வச்சு, தேதியோட புதுசா எழுதி வாங்கினேன். அங்க இருக்கும்போதே செஞ்சுடுங்க. இங்க வந்து போன்ல கெஞ்சறது பெரும்பாடு.

கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இருக்கா? கோயில்ல தாலி கட்டினதோட விட்டவங்க நிறையப் பேர். இருந்தா அதுல இருக்கிற பேரும் பாஸ்போர்ட் பேரும் ஒண்ணான்னு எழுத்தெழுத்தா பாருங்க. நம்ம இனிஷியல் பழக்கம் இங்க யாருக்கும் புரியாது. என் வீட்டுக்காரருக்கு பாஸ்போர்ட்ல அவங்கப்பா பேரு குடும்பப் பேரா ஏறிடுச்சு. ஆஸ்பத்திரியில இன்னைக்கும் மாமனார் பேரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுறாங்க, இவரும் எந்திரிச்சுப் போறாரு.

பள்ளிக்கூடம் பத்தி அப்புறம் எழுதுறேன், பால் பொங்குது.

---

இங்கேயே_பொறந்தவன்
23 நவம்பர், காலை 10:30

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. நாங்க இங்க தமிழ்ல டாலர்னு சொல்றதில்ல, வெள்ளி. 6,400 வெள்ளி. வானொலியில, தமிழ் முரசுல, காப்பிக்கடையில எல்லா இடத்துலயும் வெள்ளிதான். தெரிஞ்சு வச்சுக்கிட்டா தேக்காவுல (லிட்டில் இந்தியா) காய் வாங்கறப்ப முழிக்க வேணாம்.

கசகசாவைப் பெட்டியில வைக்காதீங்க. விளையாட்டில்ல. ஊர்ல குருமாவுக்குப் போடற சாமான், இங்க அது போதைப்பொருள் சட்டத்துப் பக்கம் போயிடும். முந்திரியை அரைச்சு ஊத்துங்க, குருமா குருமாவாத்தான் இருக்கும். மெல்லும் புகையிலை, ஹான்ஸ் அது இது எதுவும் கூடாது, மின்சிகரெட்டும் கூடாது. சொந்தக்காரங்க யாராவது "ஒரு பொட்டலம்தான், அங்க என் மச்சானுக்குக் குடுத்துடு"ன்னு கொடுத்தா பிரிச்சுப் பார்க்காம வாங்கவே வாங்காதீங்க. மருந்து: மூணு மாசத்துக்கு மேல வேணாம், டாக்டர் சீட்டோட வைங்க. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் டானிக்குன்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

மின்சாரம் ஊரு மாதிரியே 230 வோல்ட். பிளக்குதான் வேற, சதுரக் கால் மூணு. ஊர் மிக்ஸியை அடாப்டர் போட்டு ஓட்டலாம்.

---

கணக்கன்
23 நவம்பர், மதியம் 1:48

பணக் கணக்கு மட்டும் சொல்றேன்.

ஊர் சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுட்டு வரக் கூடாது. வெளிநாட்டுல குடியிருப்பவராயிட்டா அதை என்ஆர்ஓ கணக்கா மாத்தணும், இங்கேர்ந்து அனுப்பற பணத்துக்கு என்ஆர்இ தனியா. கிளை மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து பேசி விண்ணப்பத்தை வாங்கி வச்சுக்கங்க.

இங்க வருமான வரியை மாசாமாசம் சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க. இதுதான் ஊர்லேர்ந்து வர்றவங்களைக் கவுத்துவிடுற இடம். மொத்தச் சம்பளமும் கைக்கு வரும், செலவாயிடும், அடுத்த வருஷம் ஏப்ரல்ல கணக்குக் காட்டினதும் மொத்தமா பில் வரும். 6,400-ன்னா வருஷத்துக்கு 76,800. முதல் 40,000-க்கு 550, மீதி 36,800-க்கு 7 விழுக்காடு, ஆக 3,126 வெள்ளி. கணவர், பிள்ளைக் கழிவெல்லாம் சேர்த்தா குறையும். மாசம் 260 எடுத்துத் தனியா வச்சுடுங்க.

மத்திய சேமநிதி உங்களுக்குக் கிடையாது. குடிமகன், நிரந்தரவாசிக்கு மட்டும்தான். ஊர் பிஎஃப் மாதிரி ஒண்ணு தானா சேரும்னு நினைச்சுக்க வேணாம்.

---

மன்னைக்காரி
23 நவம்பர், இரவு 9:20

ஒரே நாள்ல இவ்வளவா! அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. கசகசாவை எடுத்து வச்சிருந்தேன். நல்லவேளை.

கல்யாணச் சான்றிதழ்ல என் பேருக்கு முன்னாடி 'கே', பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா. நாளைக்குச் சார்பதிவாளர் ஆபீஸ் போறோம்.

அவரு வேலை பத்திதான் பயம். தனியார் பள்ளியில கணக்கு வாத்தியார். "நீ போ, நான் பின்னாடியே வந்து அங்க ஏதாவது பார்த்துக்கறேன்"னு சொல்றாரு. அந்த 'ஏதாவது' கிடைக்குமா?

---

டிபி_ஆம்பளை
24 நவம்பர், காலை 9:05

இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லணும், பேரைப் பாருங்க.

2022 மார்ச்சுல மனைவி வேலைக்காக வந்தோம். ஊர்ல நான் பாலிடெக்னிக் லெக்சரர். "அங்க போய் ஏதாவது பார்த்துக்கலாம்"னு அதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன். முன்னாடியெல்லாம் டிபி-ல இருக்கறவங்களை ஒரு கம்பெனி எடுத்துக்கிட்டா ஒரு கடிதம் போதும், வேலை பார்க்கலாம். 2021 மே மாசத்தோட அது போச்சு. இப்ப அவருக்குன்னு தனியா ஈபி-யோ எஸ் பாஸோ (இடைநிலைத் திறன் வேலைக்கு) வேலை அனுமதிச் சீட்டோ கம்பெனி எடுக்கணும். எஸ் பாஸுக்கே குறைஞ்ச சம்பளம் 2025 செப்டம்பர்லேர்ந்து 3,300, அதுக்கு மேல கம்பெனிக்கு ஒதுக்கீடு இருக்கணும். டிபி வச்சிருக்கோம்கிறதால எந்தச் சலுகையும் இல்ல. சும்மா வீட்டுல வச்சு ட்யூஷன் எடுக்கறேன்னு ஆரம்பிச்சாலும் தப்புதான், அதுவும் வேலைதான்.

அதனால அவர் பள்ளிக்கூடத்துல ராஜினாமா கொடுக்க வேணாம்னு சொல்லுங்க. கல்வியாண்டு முடியற ஏப்ரல் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். பாப்பாவும் அங்க எல்கேஜி முடிக்கட்டும். நீங்க முதல்ல வாங்க. அந்த நாலு மாசத்துல அவரு இங்க விண்ணப்பம் போட்டுப் பார்க்கட்டும், கிடைச்சா பாஸோட வரலாம். கிடைக்கலைன்னா, வேலையில்லாமதான் வரப்போறோம்னு தெரிஞ்சே வரட்டும். தெரியாம வர்றதுதான் ஆளைச் சாப்பிட்டுடும்.

நான் முதல் எட்டு மாசம் எப்படி இருந்தேன்னு சொல்லவா. காலையில மனைவியை எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் விட்டுட்டு, பையனை பாலர் பள்ளியில விட்டுட்டு, புளோக்குக்குக் கீழ இருக்கற கல் மேசையில உட்காருவேன். பக்கத்துல சீனத் தாத்தாக்கள். ஒருத்தர் எனக்கு சீனச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தார், அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு பத்து வார்த்தை, எனக்குத் தெரிஞ்ச சீனம் பூஜ்ஜியம். ஊர்லேர்ந்து போன் வந்தா லைப்ரரியில இருக்கேன்னு சொல்லுவேன். அப்பா ஒரு தடவை "அங்க உனக்கு என்ன சம்பளம்?"னு கேட்டப்ப நெட்வொர்க் சரியில்லைன்னு கட் பண்ணினேன். அதை இன்னைக்கு நினைச்சாலும் கூசுது.

சமையல் கத்துக்கிட்டேன். அது இன்னும் கையில இருக்கு. வேலை 2023 கடைசியிலதான் கிடைச்சுது.

ஊர்லேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் இதை அவங்கப்பா அம்மாகிட்ட வெளிப்படையா சொல்லிடுங்க. "கொஞ்ச நாளைக்கு அவ சம்பாதிப்பா, நான் பிள்ளையைப் பார்த்துக்குவேன்." பெட்டி கட்டறதைவிட இது கஷ்டம், தெரியும்.

---

கிளமெண்டி_கறார்
24 நவம்பர், மதியம் 12:31

யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, நான் சொல்றேன். 6,400-ஐ ரூபாயில பெருக்கிப் பார்த்துட்டுத்தானே கிளம்பறீங்க? மூணு பேர் வந்தா மூணு அறை வீட்டு வாடகை 2,900. பாலர் பள்ளி, வெளிநாட்டுப் பிள்ளைக்கு மானியம் கிடையாது, 1,300. சாப்பாடு 900. போக்குவரத்து 250. கரண்டு, தண்ணி, போன் 250. எவ்வளவு ஆச்சு? 5,600. மிச்சம் 800, அதுல கணக்கன் சொன்ன வரி 260. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா மானியமில்லாத டாக்டர் பில். மீதியை வச்சு ஊருக்கு என்ன அனுப்புவீங்க?

மன்னார்குடியில சொந்த வீட்டுல இருந்துக்கிட்டு நீங்க இப்ப மிச்சம் பண்றது இதைவிட அதிகமா இருக்கும்.

---

பொங்கோல்_அம்மா
24 நவம்பர், மதியம் 2:10

கறாரு கணக்கு தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா 900-க்குச் சாப்பிடறவங்க வீட்டுல உலை வைக்கிறதே இல்லன்னு அர்த்தம். எங்க வீட்டுல நாலு பேருக்கு 650.

மருத்துவம் பத்தி அவர் சொன்னதைக் கவனிங்க மன்னை. எஸ் பாஸ், வேலை அனுமதிக்காரங்களுக்கு கம்பெனி கட்டாயம் காப்புறுதி எடுக்கணும், வருஷத்துக்குக் குறைஞ்சது 60,000 வெள்ளிக்கு. ஈபி-க்கு அந்தக் கட்டாயம் கிடையாது. உங்க கம்பெனி கொடுக்கற காப்புறுதியில புருஷன், பிள்ளை சேர்ந்திருக்காங்களான்னு எச்ஆர்-கிட்ட இப்பவே மெயில்ல கேளுங்க.

பள்ளிக்கூடம்: பாப்பாவுக்கு 7 வயசாகிற வருஷம் தொடக்கநிலை 1. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாரும் இடம் எடுத்த பிறகுதான் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு, கடைசிக் கட்டம். இடம் நிச்சயமில்ல. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் இருக்கு, கட்டணம்தான் மலைக்க வைக்கும். அரசுப் பள்ளியில கிடைச்சா தாய்மொழிப் பாடமா தமிழ் உண்டு. அது ஒரு பெரிய சந்தோஷம், என் பெரியவ இப்ப எனக்கே சந்திப்பிழை திருத்துறா.

---

துவாஸ்_தம்பி
24 நவம்பர், இரவு 11:50

நானும் திருச்சி ஏர்போர்ட்டுதான் அக்கா. புதுக்கோட்டைப் பக்கம். 2014-ல வந்தேன். நான் தயாரானதைச் சொல்றேன். ஒரு பேக். ரெண்டு கைலி, மூணு பேண்ட், மாகாளிக்கிழங்கு ஊறுகாய் ஒரு பாட்டில், விக்ஸ், அம்மன் படம். அவ்வளவுதான். பெட்டி கட்ட ஒரு மணி நேரம், பணம் கட்ட ஒரு வருஷம். ஸ்கில் அடிக்கறதுக்கு (வேலைத் திறன் தேர்வு) சென்டர்ல சேர்ந்தது, ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து மூணேகால் லட்சம். அம்மா சங்கிலி அடகுக்குப் போச்சு, மீதி மூணு வட்டிக்கு வாங்கினது. அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18 வெள்ளி. கடன் அடையவே 17 மாசம் ஆச்சு.

இப்ப தம்பி வரப்போறேன்னு நிக்கிறான். அதே மாதிரி ஒரு ஏஜென்ட் 4 லட்சம் கேக்கறான். இங்க கேக்கலாமான்னு தெரியல, இழை ஈபி ஆளுங்களுக்கு மட்டும்னா எடுத்துடுங்க.

---

மட்டுறுத்துநர்
25 நவம்பர், காலை 6:40

எடுக்க மாட்டோம் தம்பி. இழை சிங்கப்பூருக்கு வர்றவங்களுக்குத்தான்.

---

இங்கேயே_பொறந்தவன்
25 நவம்பர், காலை 8:12

துவாஸ் தம்பி, இங்க உரிமம் உள்ள முகவர் ஒரு தொழிலாளிகிட்ட வாங்கலாம்னு சட்டம் சொல்றது, ஒப்பந்தம் ஒரு வருஷம்னா ஒரு மாசச் சம்பளம், ரெண்டு வருஷமோ மேலேயோன்னா ரெண்டு மாசச் சம்பளம். அதுக்கு மேல ஒரு காசு கூடாது. நாலு லட்சங்கிறது அந்தக் கணக்குக்குள்ள வரவே வராது. ஊர்ல கை மாறுற காசுங்கிறதால யாரும் ரசீது கொடுக்க மாட்டான், அதுதான் அவனுக்குத் தைரியம்.

தம்பிக்கு ஐபிஏ வந்ததும் தமிழ்ல இருக்கற பக்கத்தை வரிவரியா படிக்கச் சொல்லுங்க. அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் மூணும் அதுல இருக்கணும். வாயால சொன்ன சம்பளமும் அதுல இருக்கறதும் வேறன்னா விமானம் ஏறக் கூடாது. ஏறின பிறகு பேசறதைவிட ஏறாம இருக்கறது சுலபம். அந்தத் தாளை நீங்களும் ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க.

---

தேக்கா_பழசு
25 நவம்பர், மாலை 5:33

பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். எனக்கு வயசு 66. கைப்பேசியில தட்டுறது மெதுவாத்தான் வரும்.

எங்கப்பா 1951-ல நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி வந்தவரு. செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை. அம்மா 1958-ல வந்தாங்க. டிரங்குப் பெட்டி ஒண்ணு, அதோட சாக்குல சுத்தி ஒரு அம்மிக்கல்லு. குழவியோட. கப்பல்ல அப்பல்லாம் கிலோ பார்க்கிறது இந்த மாதிரி இல்ல. ஆனா துறைமுகத்துலேர்ந்து தூக்கிட்டு வர ஆளு வேணுமே, அப்பா வாழ்க்கை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினாரு.

வெள்ளைக்காரன் 1971-ல தளத்தை விட்டுப் போனான். நாங்க அங் மோ கியோ அடுக்குமாடிக்கு வந்தோம். அம்மியும் மின்தூக்கியில ஏறி வந்துச்சு. கீழ்வீட்டுச் சீனப் பாட்டி, தலைக்கு மேல என்ன தடதடன்னு கேக்குதுன்னு ஒரு நாள் ஏறி வந்தாங்க. அம்மா அரைச்ச தேங்காய்த் துவையலைக் கிண்ணத்துல கொடுத்தாங்க. அதுக்கப்புறம் தடதடன்னு கேட்டா கிண்ணம் வரும்னு அந்தப் பாட்டிக்குத் தெரியும்.

அம்மா போய் 14 வருஷம். அம்மிக்கல்லு இப்ப பால்கனிக் கதவு காத்துல அடிக்காம முட்டுக் கொடுத்திருக்கு.

ஆமா, கேக்கணும்னு இருந்தேன். கிரைண்டர் இங்க கிடைக்கும்னு முதல்லயே சொல்லிட்டாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அப்புறம் எதுக்கும்மா அந்த 11 கிலோ?

---

மன்னைக்காரி
25 நவம்பர், இரவு 11:15

ஐயா, நீங்க கேட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கிரைண்டரை எடுத்துட்டுப் போன்னு சொன்னது அம்மாதான். "நான் ஒருத்திக்கு எதுக்குடி கிரைண்டர், ரெண்டு இட்லிக்கு ஊறப்போடவா"ன்னு சொல்லித் துடைச்சு, அட்டைப் பெட்டியில வச்சுக் கட்டிட்டாங்க. அவரும் பாப்பாவும் இன்னும் கிளம்பற தேதியே முடிவாகல, அதுக்குள்ள. எனக்கு அதை வேணாம்னு சொல்லத் தெரியல. வேணும்னும் தெரியல. அதான் உங்ககிட்ட கிலோ கணக்கு கேட்டேன்.

---

பொங்கோல்_அம்மா
26 நவம்பர், காலை 5:58

பெட்டியைப் பிரிச்சு கிரைண்டரை பழைய இடத்துலயே வைங்க மன்னை. எடுத்துட்டு வந்தீங்கன்னா அவங்க தனக்குன்னு சமைக்கிறதை விட்டுடுவாங்க. எங்கம்மா அப்படித்தான், நான் வந்த மூணாம் மாசம் ராத்திரிக்கு வெறும் பன்னும் டீயும்னு ஆயிட்டாங்க. சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில சேர்த்த பிறகுதான் எனக்கே தெரியும். போன்ல "சாப்பிட்டாச்சா"ன்னா "ஆச்சு"ன்னுதானே வரும். என்ன சாப்பிட்டாங்கன்னு கேக்கணும்னு எனக்கு அப்பத் தோணல.

இன்னொண்ணு, இதை இந்த வாரமே பாருங்க. உங்கம்மா ஆதார்ல எந்த நம்பர் இருக்கு? பேங்க்ல? கேஸ் புக் பண்றது, மின்வாரிய பில்லு? எங்க வீட்டுல எல்லாமே என் நம்பர்ல இருந்துச்சு. நான் இங்க வந்து அந்த சிம்மை விட்டுட்டேன், அங்க அம்மா பேங்க்ல நிக்கிறாங்க, ஓடிபி காத்துல போகுது. அம்மா நம்பருக்கு மாத்துங்க. பட்டன் போனா இருந்தாலும் பரவாயில்ல, மெசேஜை வாசிச்சுச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒண்ணு போதும். உங்க சிம்மையும் விட்டுடாதீங்க, ரோமிங்ல மெசேஜ் வர்ற அளவுக்கு ரீசார்ஜ் ஓடட்டும். ஊர் பேங்க் ஓடிபி அதுலதான் வரும்.

அப்பா அரசு வேலையா? குடும்ப ஓய்வூதியமா? அப்படின்னா வருஷா வருஷம் நேர்காணல் இருக்கும். தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வச்சு 70 ரூபாய்க்கு உயிர்வாழ் சான்று எடுத்துக் கொடுப்பாரு. கருவூலத்துக்கு அலைய வேணாம். தபால்காரர் நம்பரைக் குறிச்சுக் கொடுத்துட்டு வாங்க.

---

டிபி_ஆம்பளை
26 நவம்பர், காலை 9:40

ஏப்ரல் வரைக்கும் உங்க வீட்டுக்காரரும் பாப்பாவும் அங்கதானே இருக்கப் போறாங்க? கிரைண்டரைக் கொண்டு வந்துட்டா அவங்க மட்டும் என்ன சாப்பிடுவாங்க, காத்தா?

---

மன்னைக்காரி
26 நவம்பர், மதியம் 1:05

அதை யாருமே யோசிக்கல 😂 எங்கம்மா உட்பட. அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

முடிவு பண்ணியாச்சு. நான் மட்டும் முன்னாடி. பெட்டி பிரிச்சாச்சு. ஆதார் நம்பர் மாத்த நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். எல்லாமே என் நம்பர்தான், கேஸ் உட்பட.

இப்ப ரூமைப் பத்திச் சொல்லுங்க.

---

இங்கேயே_பொறந்தவன்
26 நவம்பர், இரவு 8:25

ரூம்னா இதைக் கவனமா படிங்க, இங்கதான் காசு போகும்.

வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல ரூமை ஆறு மாசத்துக்குக் குறைச்சு வாடகைக்கு விடக் கூடாது. "ஒரு மாசம் மட்டும் இருந்துக்கங்க"ன்னு எவனாவது சொன்னா அவனே விதியை மீறுறான்னு அர்த்தம், நாளைக்கு பிரச்சினைன்னா உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்க தனியா இருக்கப் போறது நாலஞ்சு மாசம், அதனால ஆறு மாச ஒப்பந்தம் சரியா வரும். குடும்பம் வந்ததும் முழு வீடு தேடறப்ப ஒதுக்கீடுன்னு ஒண்ணு குறுக்க வரும். மலேசியர் இல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீடு விடறது வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு. நிரம்பிட்டா ஓனருக்கு இஷ்டமிருந்தாலும் முடியாது. ரூமுக்கு அந்தத் தொல்லை இல்ல.

விமானம் ஏறறதுக்கு முன்னாடி யாருக்கும் டெபாசிட் அனுப்பாதீங்க. வீடியோவுல வீட்டைச் சுத்திக் காட்டுவான், சாவி கொரியர்ல வரும்பான். முகவர்னா பதிவு எண் கேளுங்க, சொத்து முகவர் மன்றத்தோட இணையப் பக்கத்துல போட்டா படத்தோட வரணும். வந்து, பார்த்து, தண்ணிக் குழாயைத் திறந்து, ஏர்கானை ஓடவிட்டு, அப்புறம்தான் கையெழுத்து. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி உண்டு, மொத்த வாடகையில 0.4 விழுக்காடு. 1,100 வெள்ளி ரூம், ஆறு மாசம்னா 26 வெள்ளிதான். அதைக் கட்டின சீட்டு கையில இருந்தா ஓனர் பிறகு டெபாசிட்டுல கை வைக்க யோசிப்பான்.

விளம்பரத்துல "லைட் குக்கிங்"னு போட்டிருந்தா மேகி, முட்டை. தாளிக்க விடுவாங்கன்னு நம்ப வேணாம். "இந்தியர் வேண்டாம்"னு நேராவே போடறவங்களும் இருக்காங்க, மறைக்க விரும்பல. இங்கயே பொறந்து ராணுவச் சேவை முடிச்ச எனக்கே, போன்ல பேரைச் சொன்னதும் "வீடு போயிடுச்சு"ன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க. அதே ஊர்லதான் 2011-ல ஒரு குடும்பம் கறி (நம்ம மசாலாக் குழம்புதான்) வாசனை பத்திப் புகார் பண்ணின சேதி வந்ததும், ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாள்ல வேணும்னே வீட்டுல கறி சமைச்சாங்க, சீனர், மலாய்க்காரர் எல்லாரும். ரெண்டையும் சேர்த்துப் புரிஞ்சுக்கங்க.

கேக்கறப்ப நேரா கேளுங்க: "நான் தினமும் சமைப்பேன், தாளிப்பேன், சம்மதமா?" மழுப்பினா அடுத்த வீடு.

---

சாங்கி_நைட்ஷிப்ட்
27 நவம்பர், அதிகாலை 3:30

குடை எடுத்துட்டு வாங்க. ஜனவரி மழை. ஸ்வெட்டரும் வைங்க, ஊருக்குக் குளிர்னு இல்ல, ஆபீஸ் ஏர்கானுக்கு. இங்க வந்து இறங்கறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள வருகை அட்டையை ஆன்லைன்ல போடணும், அது இலவசம். காசு கேக்கற தளம் போலி.

---

துவாஸ்_தம்பி
30 நவம்பர், மாலை 6:15

தம்பிகிட்ட பேசினேன். ஏஜென்ட்டுகிட்ட ரசீது கேளுன்னு சொன்னேன். கேட்டதும் போனை எடுக்கறதை நிறுத்திட்டானாம். தம்பிக்கு என் மேலதான் கோவம், அண்ணன் மட்டும் போய்ச் சம்பாதிச்சுட்டு என்னைத் தடுக்கறான்னு. அம்மாகிட்டயும் சொல்லியிருக்கான்.

இருக்கட்டும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, தேக்காவுல உட்கார்ந்து எழுதுறேன். அக்கா, வந்தா வீரமாகாளியம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போங்க. ஊர் ஞாபகம் கொஞ்சம் இறங்கும். சில நாள் ஏறும்.

---

மன்னைக்காரி
11 ஜனவரி 2026, இரவு 9:50

வந்துட்டேன்! ஒரு வாரம் ஆச்சு. இழையை யாராவது இன்னும் பார்க்கறீங்களா?

3-ஆம் தேதி திருச்சியில ஏறினேன். பாப்பா ஏர்போர்ட் வரைக்கும் வரல, தூங்கும்போதே கிளம்பிட்டேன். சரியா தப்பான்னு இன்னும் தெரியல. நாலு மணி நேரத்துல இறக்கி விட்டுட்டாங்க. மன்னார்குடியிலேர்ந்து சென்னைக்கு ரயில்ல போறதுக்கே இதைவிட அதிக நேரம் ஆகும்.

ஒன்பது ரூம் பார்த்தேன். மூணு இடத்துல தாளிப்புன்னதும் கதவு. ஒரு இடத்துல ஏர்கான் தண்ணி கட்டில்ல சொட்டுது, ஓனர் அதைப் பார்க்காத மாதிரியே பேசறாரு. கடைசியில செங்காங்ல ஒரு மலாய் அம்மா வீடு, 1,050 வெள்ளி, ஆறு மாசம். சமையலுக்குச் சம்மதமான்னு கேட்டேன். "நீ சமைச்சா எனக்கும் கொஞ்சம் வை"ன்னாங்க. பன்றி மட்டும் வீட்டுக்குள்ள வேணாம்னாங்க, அது எனக்கென்ன. முத்திரை வரி 25 வெள்ளி, சீட்டு பத்திரமா இருக்கு.

காப்பிக்கடையில முதல் நாள் டீ கேட்டு டின்பால் ஊத்தின பாயசம் மாதிரி ஒண்ணு வந்துச்சு. இப்ப "தே ஓ கோசோங்"னு (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ) சொல்லப் பழகிட்டேன். வெள்ளின்னும் வாய்ல வந்துடுச்சு.

ஓடிபி எல்லாம் அம்மா போனுக்கே போகுது. கேஸ் அவங்களே புக் பண்ணினாங்க, ரெண்டு தடவை, ரெண்டு சிலிண்டர் வந்துடுச்சு.

கிரைண்டர் ஓடுது. பாப்பா அரிசியை அள்ளி அள்ளிப் போட, அம்மா திட்ட, அவரு வீடியோ எடுத்து அனுப்பறாரு. ஆனா மே மாசம் அவரும் பாப்பாவும் இங்க வந்துட்டா? ஒருத்திக்கு அரைச்சா மூணாம் நாளே புளிச்சுப் போகும்னு இப்பவே அம்மா சொல்ல ஆரம்பிச்சாச்சு. எதிர்வீட்டு ஆச்சிக்கும் சேர்த்து அரைங்கன்னேன். "அவ உளுந்து குறைச்சுப் போடறவ, அவளுக்கும் எனக்கும் ஒத்து வராது"ங்கறாங்க.

---

தேக்கா_பழசு
12 ஜனவரி, காலை 8:20

பசியாறியாச்சாம்மா? ஆச்சியை உளுந்து கொண்டு வரச் சொல்லு, அரிசி உங்கம்மா போடட்டும். சண்டை போட்டுக்கிட்டாவது சாப்பிடுவாங்க.

---

மன்னைக்காரி
12 ஜனவரி, இரவு 10:05

ஐயா 😂 சொல்லிப் பார்க்கறேன்.

செங்காங் பக்கம் ஈர மாவு நல்லா எந்தக் கடையில கிடைக்கும்? நேத்து வாங்கினது இட்லி கல்லு மாதிரி வந்துச்சு. வீட்டுக்கார அம்மா மரியாதைக்கு ஒண்ணு சாப்பிட்டாங்க.